ஆடியோகிராமில் ‘நார்மல்’, ஆனால் கூட்டத்தில் பேச்சு புரியவில்லை: ஏன்?

கேள்வி: வயது 38. சோமனூரில் 15 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறேன். நாலு பேர் சேர்ந்து பேசினால் காதில் விழுகிறது, என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடுவதில்லை. காது கேட்கும் டெஸ்ட் (ஆடியோகிராம்) எடுத்ததில் சராசரி வலது 16, இடது 19 டெசிபெல், ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். 19 சதவீதம் காது போய்விட்டதா? ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: அது சதவீதமே இல்லை. ஒவ்வொரு சுருதியிலும் உங்களுக்குக் கேட்கத் தொடங்கும் மிகச் சன்னமான ஒலியின் அளவு அது, எண் குறையக் குறைய காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் சத்தமே இல்லாத நிலை என்று நினைக்க வேண்டாம். ஆரோக்கியமான இளவயதுக் காதுகளுக்குச் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் இடம் அது, சிலருக்கு மைனஸ் 10 கூட வரும். உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் 20க்குக் கீழே இருந்தால் நார்மல் என்கிறது, 25 வரை நார்மல் என்கிற பழைய கணக்கும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டிலுமே நீங்கள் தேறிவிடுகிறீர்கள், சரி.

ஆனால் அந்த 19 எப்படி வந்தது என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் நீலப் பெருக்கல் குறிதான் இடது காது: 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு) ஆகியவற்றில் முறையே 15, 10, 15, 35 டெசிபெல். கூட்டி நாலால் வகுத்தால் 19, அவ்வளவுதான், மூன்று நல்ல எண்கள் சேர்ந்து ஒரு 35ஐ மறைத்துவிட்டன. சிவப்பு வட்டம் வலது காது, அதிலும் 4000இல் 30. எனக்குக் கவலை தருவது இதுதான். இந்த வரைபடத்தில் எண் கூடக் கூடக் கோடு கீழே இறங்கும்; 4000இல் பள்ளம் விழுந்து, 8000இல் மறுபடி 15 என்ற நல்ல அளவுக்குத் திரும்பியிருக்கிறது. வயதால் வருவது பெரும்பாலும் 8000 பக்கம் சரிந்துகொண்டே போகும், இப்படிப் பள்ளமாக விழுந்தால் முதலில் சத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும், அதுவும் தறிக்கூடத்தில் நிற்பவருக்கு.

பேச்சின் சத்தம் பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது, உங்களுக்கு அது நன்றாகவே கேட்கிறது. பட்டு, தட்டு, கட்டு மூன்றையும் பிரித்துக் காட்டும் முதல் மெய்யொலி மிக மெல்லியது, அதன் தடயம் நிறைய மேல்சுருதிப் பக்கம் இருக்கிறது, பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் பேசினால் அது அமுங்கிவிடும். நிசப்தமான அறையில் ‘பீப்’ கேட்டதும் பொத்தானை அழுத்துகிற டெஸ்டில் இந்தக் கஷ்டம் தெரியாது.

ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு, திங்கள் காலை வேலைக்குப் போகும் முன் மறுபடி டெஸ்ட் எடுங்கள். சத்தத்தால் வரும் தற்காலிக மந்தம் ஓய்வில் தெளிந்துவிடும், அப்போதும் நிற்கிற பள்ளம் பெரும்பாலும் நிரந்தரம். 3000, 6000 ஹெர்ட்ஸிலும் பார்க்கச் சொல்லுங்கள், இரைச்சலுக்கு நடுவே பேச்சு எவ்வளவு புரிகிறது என்ற டெஸ்டையும் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) கேளுங்கள். 5 டெசிபெல் அப்படி இப்படி மாறினால் பயப்பட வேண்டாம்.

உள்காதில் செத்த செல் திரும்ப முளைக்காது, எண்ணெய் விட்டும் பயனில்லை, அதனால் இருப்பதைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்பது பாதுகாப்பு வரம்பு, 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகும், 94இல் ஒரே மணி நேரம்தான். பஞ்சு வைப்பது போதாது, ஃபோம் இயர்பிளக்கை உருட்டி ஆழமாகப் பொருத்திக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை டெஸ்ட் எடுத்து இந்த ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், ஒரு காது மட்டும் திடீரென்று ஓரிரு நாளில் மந்தமானால், பழைய ‘நார்மல்’ ரிப்போர்ட்டை நம்பிக் காத்திருக்காமல் உடனே ஈஎன்டி மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சைக்கு முதல் இரண்டு வாரம் மிக முக்கியம்.