புரொப்பேனையும் புரொப்பிலீனையும் பாலிமர் சவ்வால் பிரிக்க முடியுமா?

முடியும், ஆனால் லேசில் இல்லை. இந்த இரண்டு வாயுக்களின் கொதிநிலையும் (−42, −48 டிகிரி செல்சியஸ்) நெருக்கம் என்பதால், காய்ச்சி வடித்துப் பிரிக்க ஏராளமான ஆற்றல் செலவாகிறது. அதனால்தான் சவ்வு மீது இத்தனை ஆசை.

சவ்வைச் சல்லடை என்று நினைத்தால் பாதிதான் சரி. வாயு முதலில் பாலிமரில் கரைய வேண்டும், அப்புறம் அதன் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளுக்கு இடையே ஊர்ந்து, அழுத்தம் குறைந்த மறுபக்கம் வெளியேற வேண்டும். பாலிஇமைடு போன்ற விறைப்பான பாலிமரில் பெரும்பாலும் மூலக்கூறின் அளவுதான் தீர்மானிக்கும். சற்றே சிறிய புரொப்பிலீன் முந்தும். சிலிகோன் ரப்பரில் கதை தலைகீழ்: நன்றாகக் கரையும் பியூட்டேன், தன்னைவிடச் சிறிய மீத்தேனையே முந்திவிடும்.

தொல்லை எங்கே என்றால், அழுத்தம் ஏறும்போது கரைந்த வாயுவே விறைப்பான பாலிமரை இளக்கிவிடுகிறது. பிரிக்கும் திறன் சரிகிறது. ஒரு வாயு இளக்கிய வழியில் மற்றதும் நுழைவது, தனித்தனியே அளந்தால் தெரியாது. ஆகவே தூய வாயுக்களைத் தனித்தனியே அளந்த எண்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கலவையில் அளந்ததைப் பாருங்கள்.