கேளுங்கள், சொல்கிறேன்: ஹாங்காங் கதை முடிந்ததா?

கே: ஹாங்காங் பையிங் ஆபீஸ் (வெளிநாட்டு பிராண்டுகளுக்காகச் சரக்கு வாங்கித்தரும் நிறுவனம்) ஒன்றோடு புதிதாக ஆர்டர் பேசிக்கொண்டிருக்கிறோம். "அந்த ஊர் கதை முடிஞ்சுபோச்சு, சிங்கப்பூர் பக்கம் பாருங்க" என்கிறார் எங்கள் ஆடிட்டர். நம்பி இறங்கலாமா?
- பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

ப: ஹாங்காங்குக்குக் காரியம் செய்வது வெளிநாட்டுப் பத்திரிகைகளின் பழைய வழக்கம். 1997-இல் பிரிட்டன் அதைச் சீனாவிடம் ஒப்படைப்பதற்கு இரண்டு வருடம் முன்பே 'ஹாங்காங்கின் மரணம்' என்று அட்டையில் போட்டது ஃபார்ச்சூன். 2007-இல் அதே பத்திரிகை, கணிப்பு பொய்த்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. 2024 தொடக்கத்தில் பொருளாதார நிபுணர் ஸ்டீஃபன் ரோச் 'ஹாங்காங் முடிந்தது' என்று எழுதினார். மறுவருடம் மே மாதம், மின்கார் பேட்டரி செய்யும் சீன நிறுவனம் சி.ஏ.டி.எல். அதே ஊரில் பங்கு வெளியிட்டு 400 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் அள்ளியது.

அதற்காகப் பழைய ஹாங்காங் அப்படியே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 2019 போராட்டங்கள், 2020-இல் சீனா கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம், 2021-இல் ஜனநாயகம் கேட்டு எழுதிவந்த ஆப்பிள் டெய்லி நாளிதழ் மூடல். நியூயார்க் டைம்ஸ் தன் டிஜிட்டல் பிரிவில் ஒரு பகுதியைச் சியோலுக்கு மாற்றிக்கொண்டது. நடுவில் கொரோனா வந்தபோது, வந்து இறங்கியவர்களை 21 நாள் வரை ஹோட்டல் அறையில் பூட்டிவைத்தார்கள், அதுவும் அவரவர் செலவில். வங்கிக்காரர்கள் பலர் பெட்டி கட்டியது அப்போதுதான். 2023-இல் 5 லட்சம் விமான டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்துக் கூப்பிட்டார்கள். ஆள் வந்தது சரி, போன பேர் டிக்கெட்டுக்கா திரும்பும்?

ஆனால் வியாபாரி பார்க்கவேண்டியது வேறு. 1983 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் என்று கட்டிவைத்திருக்கிறார்கள், பெரிதாக அசையவில்லை. பணத்தை உள்ளே கொண்டுவரவும் வெளியே எடுக்கவும் தடை கிடையாது. வழக்கு என்று வந்தால் ஆங்கிலேயச் சட்டமுறை. எனக்குக் கொஞ்சம் உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான். அங்கே உச்ச நீதிமன்றத்தில் வெளிநாட்டு நீதிபதிகளும் உட்காருவார்கள். 2024 ஜூனில் பிரிட்டனின் ஜோனதன் சம்ப்ஷன் விலகினார். அரசு அழுத்தமாக நினைக்கும் விஷயங்களில் சட்டத்தின் ஆட்சி பெரிதும் அடிபட்டுவிட்டது என்று எழுதவும் செய்தார். உங்கள் பனியன் பாக்கி அந்த வகையில் வராது. இருந்தாலும் அந்த நாற்காலிகளில் யார் யார் மிச்சம் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இறங்குங்கள். அதற்கு முன் அந்த ஆபீஸ் உண்மையில் பதிவான கம்பெனிதானா, டைரக்டர்கள் யார் என்று ஹாங்காங் கம்பெனிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். சிறு கட்டணம்தான். முதல் ஷிப்மென்ட் எல்.சி. (பணத்துக்கு வாங்குபவரின் வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) இல்லாமல் போகவே கூடாது. அது சிங்கப்பூர் பார்ட்டிக்கும் சேர்த்துத்தான்.

கே: படங்களில் காட்டுவதுபோல ஊர் முழுக்கக் கண்ணாடிக் கோபுரமும் நியான் போர்டுமா?
- பொட்டிக் நடத்தும் வாசகி, கோவை

ப: நியான் போர்டுகளில் பெரும்பாலானவற்றைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கழற்றிவிட்டார்கள். கோபுரங்களைப் படகில் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகவேண்டிய இடம் ஷாம் ஷூய் போ. மெர்ச்சண்டைசராக அலைந்த காலத்தில் என் ஹாங்காங் அதுதான். யூ சௌ தெருவில் வரிசையாக மணி, பாசிக் கடைகள், பக்கத்துத் தெருக்களில் பட்டன், ரிப்பன், ஜிப். அட்டையில் தைத்த சாம்பிள் பட்டன் கூரைவரை தொங்கும். நீங்கள் ஒன்றைத் தொட்டால் கடைக்கார அம்மா கால்குலேட்டரில் விலையைத் தட்டி உங்கள் பக்கம் திருப்புவார். நீங்கள் குறைத்துத் தட்டித் திருப்பவேண்டும். மூன்றாவது திருப்பலில் அவர் முகம் சுளித்தால் விலை படிந்துவிட்டது என்று அர்த்தம். சரக்கு பெரும்பாலும் எல்லைக்கு அந்தப்பக்கம், குவாங்டாங்கில் செய்தது.

கே: நம் ஊர்க்காரர்களுக்கு விசா வேண்டுமா?
- கல்லூரி மாணவர், மதுரை

ப: சுற்றிப்பார்க்க 14 நாள் வரை வேண்டாம். ஆனால் 2017 முதல், கிளம்புமுன் இணையத்தில் பதிவு செய்யவேண்டும். அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வையுங்கள், செக்-இன் கவுன்ட்டரிலேயே கேட்பார்கள்.