சால்டரிங் மேசை: மஞ்சள் சாக்கெட் இல்லாத ஃபேமிகாம்

கேள்வி: யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். பழைய சாமான் கடை ஒன்றில் ஜங்க் பெட்டிக்குள் ஒரு ஃபேமிகாம் (நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் பெட்டி) கிடைத்தது. ஆன் ஆகிறது. ஆனால் பின்னால் ஆன்டெனா இணைப்பு மட்டும்தான் இருக்கிறது, என் டிவியில் எதிலும் படம் பிடிக்கவில்லை. உள்ளே ஏதோ மாற்றினால் மஞ்சள் சாக்கெட்டில் காம்போசிட் படம் (வெளிச்சமும் நிறமும் ஒரே ஒயரில் கலந்து வருவது) வருமாமே, நானே செய்யலாமா?

பதில்: செய்யலாம். சால்டரிங் அயர்ன் பிடித்து ஓரளவு பழக்கம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பழக்கமே இல்லை என்றால் முதலில் ஏதாவது செத்த ரேடியோ போர்டில் கை பழகிவிட்டு வாருங்கள், ஃபேமிகாமில் பழகாதீர்கள்.

ஏன் பிடிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலையில் 14,800 யென்னுக்கு வந்த பெட்டி அது. ஜப்பானின் 1 அல்லது 2-ஆம் சேனலில், அதாவது 90-க்கும் 102 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவில், ஒரு குட்டி டிவி நிலையம் மாதிரி அது படத்தை அனுப்புகிறது. ஜப்பானில் அனலாக் ஒளிபரப்பு 2011-12-இல் நின்றுபோனது, உங்கள் புது டிவியில் அந்த ட்யூனரே இருக்காது. கூத்து என்னவென்றால், உள்ளே இருக்கும் படச் சிப் (பிபியூ என்பார்கள், ஆர்பி2சி02) தானே நேராகக் காம்போசிட் சிக்னலைத்தான் உருவாக்குகிறது. அதை எடுத்து ஆர்எஃப் அலை (டிவி ஒளிபரப்பு போன்ற ரேடியோ அலை) மேல் ஏற்றி, கேபிளில் அனுப்பி, டிவி மறுபடி இறக்கி எடுக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. நாம் செய்யப்போவது அந்தச் சுற்றை வெட்டுவது மட்டும்தான், படத்தில் புதிதாக எதையும் சேர்க்கப்போவதில்லை.

பிபியூவுக்கு 40 கால்கள். அரைவட்டப் பள்ளம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால் இடது மேல்மூலை 1, அப்படியே இறங்கினால் 20 (அது கிரவுண்ட்), அதற்கு நேர் எதிரே வலது பக்கம் அடியில் இருப்பது 21. வீடியோ அங்கேதான் வெளியே வருகிறது. அங்கிருந்து ஒரு ஒயரை நேரே மஞ்சள் சாக்கெட்டுக்கு இழுத்துவிட்டால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. டிவியின் உள்ளே 75 ஓம் சுமை காத்திருக்கிறது, அதை இழுக்கும் தெம்பு அந்தச் சிப்புக்குக் கிடையாது. மங்கலான படம்தான் கிடைக்கும், சிப்புக்கும் நல்லதில்லை.

அதனால் சிக்னலுக்குத் தெம்பு கொடுக்க நடுவில் ஒரு பிஎன்பி வகை டிரான்சிஸ்டர். அதன் மூன்று கால்களில் பேஸ் 21-ஆம் காலுக்கு, கலெக்டர் கிரவுண்டுக்கு, எமிட்டர் சில நூறு ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு. எமிட்டரிலிருந்தே 220 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் (பிளஸ் முனை எமிட்டர் பக்கம்), அப்புறம் 75 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர், அதன் பிறகு சாக்கெட். கெபாசிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம், கையில் இருக்கிறதே என்று 10 மைக்ரோஃபேரட் போட்டால் திரையின் மேல்பாதி ஒரு வெளிச்சமும் கீழ்பாதி ஒரு வெளிச்சமுமாக இருக்கும். ஜப்பானில் இதற்கு 2எஸ்ஏ1015 போடுவார்கள். ஊருக்கு வந்து செய்வதாக இருந்தால் பிசி557 எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், ஆனால் இரண்டுக்கும் கால் வரிசை வேறு. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்தால் முதலாவதில் எமிட்டர், கலெக்டர், பேஸ், இரண்டாவதில் கலெக்டர், பேஸ், எமிட்டர். இதைப் பார்க்காமல் மாட்டிவிட்டு “படமே வரலை சார்” என்று எழுதியவர்கள் உண்டு.

இத்தனையும் செய்தபின் படம் வரும், கூடவே நெட்டுக்கு நெட்டாக மங்கிய கோடுகளும் வரலாம். சிறைக் கம்பி மாதிரி இருப்பதால் ஆங்கிலத்தில் ஜெயில்பார் என்றே பெயர். பிபியூவின் டிஜிட்டல் பாதைகள் வீடியோ பாதையை உரசிக்கொண்டு ஓடுவதால் அவற்றின் இரைச்சல் இதில் கசிகிறது. இதற்குத்தான் மெனக்கெட வேண்டும், சுத்தமான படம் வேண்டும் என்றால் பாதி வேலை இங்கேதான். 21-ஆம் காலைப் போர்டிலிருந்து தூக்கிவிடுங்கள், பழைய பாதையோடு தொடர்பே இருக்கக்கூடாது. டிரான்சிஸ்டரைச் சாக்கெட் பக்கம் வைக்காமல் சிப்பை ஒட்டியே வையுங்கள், அங்கிருந்து சாக்கெட்டுக்கு ஷீல்டு ஒயர். 40-ஆம் கால் 5 வோல்ட், அதற்கும் 20-க்கும் இடையே 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் ஒன்று. கோடுகள் முழுக்க மறையும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், உட்கார்ந்து விளையாடும்போது கண்ணில் படாத அளவுக்குக் குறையும்.

சத்தத்தை எங்கே எடுப்பது என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சிபியூவின் 1, 2-ஆம் கால்களில் ஒலி வருகிறது என்று அங்கேயே எடுத்துவிடுவார்கள். ஃபேமிகாமில் ஒலி கார்ட்ரிட்ஜுக்குள் போய்த் திரும்பி வருகிறது: கார்ட்ரிட்ஜ் இணைப்பின் 45-ஆம் முனையில் போகும், 46-இல் வரும். சில கார்ட்ரிட்ஜ்களுக்குள் தனியாக ஒலிச் சிப் இருக்கிறது, 1989-இல் வந்த ‘அகுமாஜோ டென்செட்சு’ மாதிரி, அவை தங்கள் இசையை அந்த வழியில்தான் கலக்கின்றன. சிபியூவிலேயே எடுத்தால் பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போகும். 46-இல் எடுங்கள்.

இன்னொன்று, ஆர்எஃப் வேண்டாம் என்று அந்தச் சின்னப் போர்டையே கழற்றி எறிந்துவிடாதீர்கள். 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் சிப் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. மேல் ஓட்டில் துளை போடுவதும் எனக்குப் பிடிக்காது, பழைய ஆர்எஃப் சாக்கெட் இருந்த ஓட்டையே போதும்.

கடைசியாக அடாப்டர். 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், நடுமுனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். நான் ஒருமுறை ரௌட்டர் அடாப்டரைச் சொருகிவிட்டு மூக்கில் வாசனை ஏறிய பிறகுதான் லேபிளைப் படித்தேன். என்இஎஸ் (ஃபேமிகாமின் அமெரிக்க வடிவம்) அடாப்டர் இன்னும் மோசம், அது 9 வோல்ட் ஏசி. ஜப்பானிய ஒரிஜினல் அடாப்டரை ஊருக்குக் கொண்டுவந்து 230 வோல்ட்டில் மாட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாமே, அது 100 வோல்ட்டுக்கானது.

கேள்வி: நண்பர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த, ஏற்கெனவே காம்போசிட்டுக்கு மாற்றிய ஃபேமிகாமைச் சென்னையில் பழைய டப்பா டிவியில் மாட்டினேன். படம் தெளிவு, ஆனால் கறுப்பு வெள்ளை. மாற்றியவர் ஏதாவது சொதப்பிவிட்டாரா?

பதில்: இல்லை, அவரைத் திட்டாதீர்கள். டிவியில் நிறத்தை அனுப்பும் முறை ஊருக்கு ஊர் வேறு: ஜப்பான் என்டிஎஸ்சி, நாம் பால் (PAL). அங்கே நிறம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஏறி வருகிறது, நம் டிவி 4.43-இல் தேடுகிறது, கிடைக்கவில்லை என்றதும் நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் காட்டுகிறது. மெனுவில் கலர் சிஸ்டம் என்று இருந்தால் ஆட்டோவோ என்டிஎஸ்சியோ வைத்துப் பாருங்கள். அது இல்லாத டிவி என்றால் வேறு டிவிதான்.

கேள்வி: மஞ்சள் ஒயரிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் படம் இன்னும் சுத்தமாகுமா?

பதில்: பெரும்பாலும் கெடும். ஃபேமிகாம் ஒவ்வொரு முறையும் அதே வரிகளின் மேலேயே முழுப்படத்தையும் வரைகிறது, 240பி என்பார்கள். மலிவுப் பெட்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 480ஐ (ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று பாதிப்பாதியாக வரும் டிவி படம்) என்று நினைத்துக்கொண்டு அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பின்னிவிடுகிறது. திரையில் உருவங்கள் அதிகமானால் ஃபேமிகாம் சிலவற்றை ஒரு படம் விட்டு ஒரு படம் காட்டும், அவை இதில் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். பட்டனை அழுத்துவதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவே ஒரு தாமதமும் சேரும். ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மாதிரி இதற்கென்றே செய்த கருவிகள் 240பியைச் சரியாக எடுத்துக்கொள்கின்றன. பணம் வேண்டாம் என்றால் பழைய சிஆர்டி டிவி, அதற்கு ஈடு இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். என்னிடம் அட்டாரி 2600 இருக்கிறது. அதற்கும் காம்போசிட்தானா, இல்லை எஸ்-வீடியோ (வெளிச்சமும் நிறமும் தனித்தனி ஒயரில் வருவது) கேட்கலாமா? ஃபேமிகாமில் எஸ்-வீடியோ முடியாது என்கிறார்களே, அது ஏன்?

பதில்: 1977-இல் வந்த பெட்டிக்கு இது ஒரு வரம்தான். அட்டாரியின் டிஐஏ சிப் வெளிச்சத்தை மூன்று கால்களிலும், நிறத்தை வேறொரு காலிலும், சிங்க்கை (வரியும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று டிவிக்குச் சொல்லும் துடிப்பு) தனியாகவும் தருகிறது. எல்லாவற்றையும் கலந்தால் காம்போசிட், நிறத்தைக் கலக்காமல் விட்டால் எஸ்-வீடியோ. கேட்கலாம், தாராளமாக. ஃபேமிகாமில் சாம்பார், ரசம் எல்லாம் சிப்புக்குள்ளேயே கலந்து ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகிறது, பிறகு பிரிக்க வழியில்லை. அதில் ஓரங்களில் புள்ளிகள் ஊர்வதும் அதனால்தான், எவ்வளவு நன்றாக மாற்றினாலும் அது போகாது. அதுவும் போக வேண்டும் என்றால் என்இஎஸ்ஆர்ஜிபி மாதிரி தனிப் போர்டு வைத்துப் பிபியூவையே கழற்ற வேண்டும், அது வேறு செலவு, வேறு தலைவலி.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? காம்போசிட்டோடு வந்த ஏவி ஃபேமிகாமை வாங்கிவிடலாமே?

பதில்: வாங்கலாம். 1993 டிசம்பரில் 6,800 யென்னுக்கு வந்தது, படம் சுத்தம், கன்ட்ரோலரையும் கழற்றி மாட்டலாம். ஆனால் பழைய பெட்டியின் இரண்டாவது கன்ட்ரோலரில் இருந்த மைக் அதில் இல்லை. ஜப்பானியச் ‘செல்டா’ விளையாட்டில் முயல் காது வைத்த ஒரு பேய் வரும், அந்த மைக்கில் கத்தினால் செத்துவிழும். என் வீட்டில் பழையது இன்னும் மேசையில் இருப்பதற்குக் காரணம் அதுதான், பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.