காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அது தெரு மாடு இல்லை

கேள்வி: சென்னை மணலியை அடுத்த கடப்பாக்கத்தில் 70 சென்ட்டில் நானும் என் கணவரும் கீரை போடுகிறோம். அரைக்கீரை, முளைக்கீரை, கொஞ்சம் பாலக்கு. பத்து நாளாக இரவில் ஏழெட்டுத் தெரு மாடுகள் புகுந்து பாத்திகளை நாசம் செய்கின்றன. இரண்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறது, ஒன்றுக்கு மடி கனத்திருந்தது. விரட்டினால் சந்து மூலையில் நாங்கள் கீரைக் கழிவு கொட்டும் இடத்தில் நிற்கின்றன. நாங்கள் படுத்ததும் திரும்ப வருகின்றன. விடிவதற்குள் தாமாகவே போய்விடுகின்றன. சோலார் மின்வேலி போடுங்கள், மாடு அண்டாத மருந்தும் தெளியுங்கள் என்கிறார் கடைக்காரர். தவிட்டில் குருணை மருந்து கலந்து வையுங்கள் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, கடைசி யோசனையை முதலில் முடித்துவிடுவோம். தவிட்டில் விஷம் வைக்கவே கூடாது. மாட்டைக் கொன்றாலும் ஊனப்படுத்தினாலும் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. அந்தத் தவிட்டை நாயும் தின்னும், கோழியும் கொத்தும். மிச்சம் மழைத் தண்ணீரோடு உங்கள் பாத்திக்கே வரும். உங்களுக்கு மனசு வராதது நல்லது. சொன்னவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

தெரு மாடு என்று எழுதியிருக்கிறீர்கள். காதில் மஞ்சள் வில்லை என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் பதிவைப் பார்க்க முடியும். மடி கனத்த மாடு விடிவதற்குள் போகிறது என்றால், அது விடியற்காலைக் கறவைக்குப் போகிறது. சாயங்காலம் கறந்துவிட்டு அவிழ்த்துவிடுகிற ஒருவர் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். என்ன வேலி போடுவது என்று கேட்கிறீர்கள். யார் மாடு என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் அவை கிளம்பும்போது உங்கள் கணவரைக் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போகச் சொல்லுங்கள். தொழுவம் வரை மாடே கூட்டிக்கொண்டு போகும்.

அடுத்தது அந்தச் சந்து மூலை. கட்டு கட்டும்போது கழிக்கிற வேர், முற்றின தண்டு, பழுத்த இலை எல்லாவற்றையும் அங்கே கொட்டுகிறீர்கள். மாடு முதலில் வந்தது அதற்குத்தான். குப்பை தீர்ந்ததும் பாத்தி கண்ணில் பட்டிருக்கிறது. இன்றே அதை நிறுத்துங்கள். நிலத்தின் நடுவில் குழி வெட்டிக் கழிவைப் போட்டு மேலே ஒரு கூடை மண் தள்ளுங்கள். மக்கினால் உங்களுக்கே உரம்.

இதில் இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. யூரியா போட்டுச் சில நாளே ஆன முளைக்கீரையில் நைட்ரேட் ஏறியிருக்கும். பசித்த மாடு அதை வயிறு முட்டத் தின்றால் மூச்சு வாங்கும், நடுங்கும், தள்ளாடி விழும். ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறிவிடும். மருத்துவர் உடனே வந்து மெத்திலீன் நீல ஊசி போட்டால் பிழைக்கும். இல்லையென்றால் உங்கள் பாத்தியிலேயே செத்துக் கிடக்கும். மாட்டுக்காரரைப் பார்க்கும்போது இதைத்தான் முதலில் சொல்லுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். மேய்ச்சல் புறம்போக்கு போய்விட்டது, வைக்கோல் காசுக்கு வாங்க வேண்டும், அதனால் அவிழ்த்துவிடுகிறார். "பகலில் வந்து உரம் போடாத பாத்தியின் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு எரு கொடுங்கள், ராத்திரி கட்டிப்போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கீரையை மட்டும் போடாமல் வைக்கோலோடு கலந்து போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் லாபம் தெரிந்தால் பெரும்பாலும் ஒத்துவருவார்கள்.

ஒத்துவராவிட்டால் 1913-க்குப் போன் செய்யுங்கள். நீங்கள் இருப்பது மாநகராட்சி எல்லை. அவிழ்த்துவிட்ட மாட்டைப் பிடித்துப் போய்ப் பட்டியில் அடைத்து, உரிமையாளருக்கு அபராதம் போடுவார்கள். முதல் முறை 10,000 ரூபாய், அடுத்த முறை 15,000 என்று 2024-ல் உயர்த்திவிட்டார்கள். பயிரை அழிக்கும் மாட்டைப் பிடிக்கும் உரிமை 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்திலேயே உங்களுக்கு இருக்கிறது; ஆனால் 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். வீட்டில் கட்டிவைத்துப் பணம் கேட்டால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். மிதிபட்ட பாத்தியையும் காது வில்லையையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, வேலிக்கு வருவோம். மாடு அண்டாத மருந்து என்று பாட்டிலில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். சாணம் தெளித்த செடியில் மாடு வாய் வைக்கத் தயங்கும் என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்த விஷயம். வரப்போரச் செடிகளுக்குச் சாணிக் கரைசல் தெளியுங்கள், செலவே இல்லை. கீரை மேல் மட்டும் வேண்டாம், அது மனிதர் சாப்பிடுவது.

மின்வேலி தப்பு என்று நான் சொல்லவில்லை. விற்கிற விதம்தான் தப்பு. ஒரு கீரைத் தோட்டத்தில் நான் பார்த்தது இது. எர்த்துக்கு ஆறடிக் கம்பி மூன்றைப் பத்தடி இடைவெளியில் இறக்க வேண்டிய இடத்தில், கடைக்காரர் ஒன்றரை அடி இரும்புத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தார். கீழ்க் கம்பியைக் குப்பைமேனியும் அருகம்புல்லும் தொட்டுக்கொண்டிருந்தன. வேலிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, கம்பியில் அதிர்ச்சிதான் இல்லை. மாடு அந்தக் கம்பத்திலேயே கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றது. பெட்டியை விற்றவருக்கு எர்த்தைப் பற்றிக் கவலை இல்லை. வாரம் ஒருமுறை புல் அறுக்க வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. அவசரத்துக்குப் போடுவதென்றால் ஒன்றரை அடியிலும் மூன்றடியிலும் இரண்டு கம்பி போதும். சந்தில் குழந்தைகள் நடக்கிறார்கள், எச்சரிக்கைப் பலகை கட்டாயம். வீட்டு லைனிலிருந்து நேரடியாக வயர் இழுக்கும் யோசனையை யார் சொன்னாலும் துரத்திவிடுங்கள். அது ஆளைக் கொல்லும்.

என்னைக் கேட்டால் அந்தப் பணத்தைக் கிளுவை என்கிற முள்மரத்தில் உயிர்வேலி வைப்பதில் போடுங்கள். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது கிளுவை வேலிதான். காங்கேயம் காளையையே உள்ளே நிறுத்தி வைக்கிற வேலி, உங்கள் சந்தில் அலைகிற கலப்பினப் பசுவை வெளியே நிறுத்தாதா? கம்பி துருப்பிடிக்கும், கல்தூண் சாயும். கிளுவை வருஷத்துக்கு வருஷம் தடிக்கும். கழித்த தழை ஆட்டுக்குத் தீனி. நர்சரியில் கன்று வாங்க வேண்டாம். பழைய கிளுவை வேலி எங்கே நிற்கிறதோ அங்கே கேட்டு, மணிக்கட்டுப் பருமனில், ஐந்தடி நீளப் போத்துகளாக, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டுகளாக, வெட்டி வாருங்கள். இலையுதிர்ந்து நிற்கும் சித்திரை, வைகாசியில் வெட்ட வேண்டும். நிழலில் ஒரு வாரம் சாய்த்து வைத்தால் வெட்டுவாய் காய்ந்துவிடும், நட்டபின் அழுகாது. அப்புறம் ஒரு அடி ஆழத்தில், ஒரு அடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று மாறி நடுங்கள். குறுக்கே மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுங்கள்.

உங்கள் ஊரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கிற தாழ்வான பகுதி அது. கிளுவைக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. முதலில் வரப்பை ஒன்றரை அடி உயர்த்தி அதன் மேல் நடுங்கள். உங்கள் நிலம் ஏறக்குறையச் சதுரமாக இருந்தால் சுற்றளவு 700 அடி வரும். எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டாம். மாடு வருகிற சந்துப் பக்கத்தை முதலில் முடியுங்கள். வேலி அடைய இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் படலாகக் கட்டி வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். கிளுவை இடையில் ஆடாதோடையும் நொச்சியும் நட்டால் மாடு கடிக்காது, இடைவெளியும் சீக்கிரம் அடையும்.

மிதிபட்ட பாத்திகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முளைக்கீரை வேரோடு போயிருந்தால் உழுது மறுபடி விதையுங்கள். அரைக்கீரையை அழிக்க வேண்டாம். கடிபட்டது, கடிபடாதது எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு அறுத்துவிட்டு, குளம்புக் குழிகளை மண்வெட்டியால் சமன் செய்து லேசாகத் தண்ணீர் விடுங்கள். புதுத் துளிர் வந்தபின் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம். பாத்தியில் சாணி விழுந்திருந்தால் அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு இருக்கிற கீரையைப் பறித்துக் குழியில் போடுங்கள், கட்டில் சேர்த்துச் சந்தைக்கு அனுப்பாதீர்கள்.