எல்லாம் அடக்கம் என்றால் எதெல்லாம் அடக்கம்?

மலையில் சீசன் முடிந்து கடைக்காரர்களும் விடுதிப் பணியாளர்களும் மூச்சு விடத் தொடங்கியதும், இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கடலைப் பற்றியவையாக மாறிவிடுகின்றன. கடற்கரை ரிசார்ட் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவுக்கு நானும் மனைவியும் மாலத்தீவு செல்லவிருக்கிறோம். கோவை முகவர் ஒருவர் நான்கு இரவுகளுக்கு ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று ஒரு தொகை சொல்கிறார். அப்படியென்றால் கையில் பணமே கொண்டுபோக வேண்டாமா? (குன்னூர்)

பதில்: தாராளமாகக் கொண்டுபோங்கள். ‘எல்லாம் அடக்கம்’ என்ற சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு இரவுகளுக்கு இதே பெயரில் பணம் கட்டினேன். மணிக்கட்டில் நீல நிறப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அது கையில் இருக்கும்வரை எதற்கும் பணம் தர வேண்டாம் என்று புன்னகையோடு சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு, மதிய உணவு முடிந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், மதிய உணவோ பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும். ஆக, மூன்று நாள் மதியச் சாப்பாடு என்று நான் மனக்கணக்குப் போட்டது, ஒரே ஒரு மதிய உணவாகச் சுருங்கியது. கிளம்பும்போது நீட்டிய பில்லில் இளநீர் இரண்டு, துடுப்புப் படகு ஒன்று, அறைக்கு வரவழைத்த தேநீர் நான்கு என்று வரிசையாக இருந்தன. கூடத்துக்கு வந்து குடித்தால் தேநீர் அடக்கம், அறைக்குக் கொண்டுவந்தால் தட்டுக்குக் கட்டணம் என்று பில்லை நீட்டிய இளைஞர் பொறுமையாக விளக்கினார். கோத்தகிரியில் தேயிலைக்கு நடுவே வாழ்ந்துகொண்டு தேநீருக்கு அத்தனை பணம் கொடுத்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உங்கள் மாலத்தீவுக் கணக்குக்கு வருவோம். அங்கே இந்தத் திட்டத்தில் பொதுவாக அறை, பெரிய கூடத்தில் பஃபே உணவு மூன்று வேளை, குறிப்பிட்ட சில பானங்கள் ஆகியவை அடங்கும். தனிச் சிறப்பு உணவகங்கள், உயர்ரக மது, ஸ்கூபா, மசாஜ், வேறு தீவுகளுக்கு உலா, துணி சலவை ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும். வரி தனிக்கதை. ரிசார்ட்டில் தங்கும் வெளிநாட்டவரிடம் தலைக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி வாங்குகிறார்கள். 2025 ஜனவரிக்கு முன் இது 6 டாலராக இருந்தது. உங்கள் இருவருக்கும் நான்கு இரவுக்கு 96 டாலர். அதற்கும் மேலே, 2025 ஜூலை முதல் 17 விழுக்காடாக உயர்ந்துவிட்ட சுற்றுலா ஜி.எஸ்.டி.யும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் உண்டு. முகவர் கொடுத்த தாளில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், இவை இன்னும் சேர்க்கப்படவில்லை என்று பொருள்.

பெரிய அடி விழுவது போக்குவரத்தில். விமான நிலையத்திலிருந்து தீவுக்கு விசைப்படகிலோ, தூரமான தீவாயின் சீபிளேன் எனப்படும் நீர்விமானத்திலோ, உள்நாட்டு விமானமும் படகுமாகவோதான் போக முடியும். நீர்விமானத்துக்குப் போக வர ஒருவருக்கே நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான் இது. நீர்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதையும் முகவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் விமானம் மாலையில் இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ சொந்தச் செலவில் தங்க நேரும். நான்கு இரவில் ஒன்று அங்கேயே கரைந்துவிடும். ஆகவே, எதெல்லாம் அடக்கம் என்று கேட்காதீர்கள், அதற்கு அழகான பட்டியல் தயாராக இருக்கும். “இந்தத் தொகைக்கு மேல் நாங்கள் எங்கே, யாருக்கு, எவ்வளவு தர வேண்டும்?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். “ஒன்றுமே இல்லை சார்” என்று தொலைபேசியில் சொன்னால், அந்த ஒரு வரியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்த ரிசார்ட் நல்லது என்று பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடுமே? (உதகை)

பதில்: எந்த மாதம், எத்தனை பேர், என்ன வயது, எவ்வளவு பணம் என எதையும் எழுதாமல் கேட்கிறீர்கள். மருந்துக்கடையில் போய் ‘நல்ல மாத்திரை ஒன்று கொடுங்கள்’ என்பீர்களா?

கேள்வி: நான் விடுதியில் வேலை செய்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் விடுப்பே கிடையாது. ஜூன் கடைசியில் ஒரு வாரம் கிடைக்கிறது. கோவாவில் ஒரு ரிசார்ட்டைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா? (கொடைக்கானல்)

பதில்: அந்தப் பாதி விலைக்குக் காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவாவின் கடல் கொந்தளிப்பாக இருக்கும். உயிர்காப்பாளர்கள் சிவப்புக் கொடியை நட்டு நீரில் இறங்க விட மாட்டார்கள். நீர் விளையாட்டுகள் நிறுத்தப்பட்டிருக்கும், மணலில் போட்டிருந்த குடில் உணவகங்களையும் பிரித்திருப்பார்கள். மழையையும் மூடுபனியையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் உங்கள் ஊர் கோக்கர்ஸ் வாக்கிலேயே நிற்கலாம். மாலத்தீவுக்கும் மே முதல் அக்டோபர் வரை ஈரமான, காற்றடிக்கும் பருவம்தான்.

மலையில் சீசன் வேலை பார்ப்பவர்களுக்கு ஓய்வு கிடைப்பதே மேற்குக் கடற்கரை மூடிக்கிடக்கும் மாதங்களில் என்பதால், விற்காத அறைகளை நம்மிடம் தள்ளிவிடுவது முகவர்களுக்கு எளிதாகிவிட்டது. ஆனால் இந்தக் காற்றின் சூட்சுமம் நமக்குத் தெரியாததா? மேகத்தை மலை மறித்துக்கொள்வதால் கூடலூர் நனைந்து கிடக்கும் அதே நாளில் கோவை காய்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். இலங்கையிலும் அதே கதைதான். நடுவே நிற்கும் மலைநாடு காற்றை மறிப்பதால், பெந்தோட்டை இருக்கும் தென்மேற்குக் கரையில் மழை கொட்டும்போது கிழக்கே திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா ஆகிய கரைகளில் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். அங்கே அதுதான் சீசன், பேச்சுக்கும் தமிழ் இருக்கிறது. கொழும்பில் இறங்கிய பின் சாலைப் பயணம் அரை நாளை விழுங்கும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே போவதானாலும், முன்பு தங்கியவர்களின் மதிப்புரைகளில் ஜூன், ஜூலையில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். டிசம்பரில் போனவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் உங்களுக்குப் பயன்படாது.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பணிக்கொடைப் பணத்தில் பேரப்பிள்ளைகளை அந்தமானுக்கு அழைத்துப்போக, வாட்ஸ்ஆப்பில் வந்த ரிசார்ட் விளம்பரத்தை நம்பி 46,000 ரூபாய் அனுப்பினேன். இப்போது அந்த எண் அணைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. (கொலக்கம்பை)

பதில்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர், அம்மா. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பணத்தைக் கொண்டுபோனவன்தான் வெட்கப்பட வேண்டும். முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த வேலைகளுக்குத் துணை தேவைப்படும். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் போன வங்கிக் கணக்கை முடக்க அவர்கள் வங்கிகளோடு பேசுவார்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் வாய்ப்பு அதிகம். தாமதமாகிவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட், அந்தத் தொலைபேசி எண் ஆகியவற்றோடு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பேரப்பிள்ளைகளில் ஒருவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கிளையிலும் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உரையாடலை மட்டும் அழித்துவிட வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு சொல்: யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன் திரையில் பெறுநர் பெயர் தோன்றும். ரிசார்ட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் தெரிந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு ரிசார்ட்டின் அலுவலக எண்ணைத் தனியே தேடி அழைத்துக் கேளுங்கள்.

கேள்வி: சலுகை இரவு 12 மணியோடு முடிகிறது என்று திரையில் ஓடியதால் அவசரமாகப் பணம் கட்டிவிட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதை மறுநாள்தான் படித்தேன். அதே வாரத்தில் மகனுக்குத் தேர்வு இருப்பது முன்பே தெரியும். என்ன செய்யலாம்? (பெருமாள்மலை)

பதில்: தேர்வுத் தேதி தெரிந்திருந்தும் கட்டியிருக்கிறீர்கள். பணத்தைக் கேட்காமல் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், சில விடுதிகள் இறங்கி வரும். அந்தச் சலுகை மறுநாளும் அதே விலையில் ஓடினால் அதைப் படமெடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி தடை செய்யப்பட்டது.

கேள்வி: ‘கடல் தெரியும் அறை’ என்று பணம் வாங்கிய நிறுவனம் எங்களுக்குக் கொடுத்தது ஜெனரேட்டர் தெரியும் அறை. பால்கனியின் ஓரத்தில் நின்று கழுத்தை வளைத்தால் ஒரு கோடு கடல் தெரிகிறது. கேட்டால், வழக்கு என்றால் மும்பையில்தான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். (கூடலூர்)

பதில்: ஏரி தெரியும் அறை என்று சொல்லிக் குளியலறை ஜன்னலைத் திறந்து காட்டும் கலை நம் மலைகளிலும் இருக்கிறது என்பதால், இந்த ஏமாற்று எனக்கு நன்கு பழக்கமானது. ‘கடல் நோக்கிய’, ‘பகுதிக் கடல் காட்சி’, ‘கடற்கரை அருகே’ ஆகிய மூன்றும் மூன்று வேறு விலை, மூன்று வேறு அறை. உங்கள் ரசீதில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘கடல் தெரியும் அறை’ என்றே இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது.

மும்பை மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்தின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்கிறது. உங்களுக்கு அது உதகை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். அறையில் இருந்தபோதே அந்த ஜெனரேட்டரைப் படமெடுத்து ஒரு வரி மின்னஞ்சலும் அனுப்பியிருந்தீர்களானால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

கேள்வி: மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் உணவு பில்லோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே சேர்த்துவிட்டார்கள். கட்டாயமா? (குன்னூர்)

பதில்: இல்லை. நீக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதைத் தடுக்கின்றன, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அவற்றை உறுதி செய்தது. மாலத்தீவில் போய் இதே வாதத்தைச் செய்யாதீர்கள், அங்கே அது வேறு சட்டம்.

கேள்வி: பெட்ரோல் பங்கில் நிரப்பிக் கொடுத்த கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். தம்பதியாகக் கோவையில் ஓர் ஓட்டலுக்கு வந்தால் கடற்கரை ரிசார்ட்டில் மூன்று இரவு இலவசம் என்கிறார்கள். போகலாமா? (உதகை)

பதில்: நான் போயிருக்கிறேன், ஆகவே நீங்கள் போக வேண்டாம். அரை மணி நேரம் என்றார்கள், மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு முறை எழ முயன்றபோதும் முன்பைவிடப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து முன்பைவிடக் குறைந்த விலை சொன்னார். கடைசியில் பல ஆண்டு உறுப்பினர் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டு, முன்பணத்தையும் கட்டிவிட்டு வெளியே வந்தபோது மேட்டுப்பாளையம் போகும் கடைசிப் பேருந்து பற்றிய கவலை மட்டுமே மனத்தில் இருந்தது. பிறகு நான் கேட்ட தேதிகளில் ஒருமுறைகூட அறை கிடைக்கவில்லை. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கேட்டு வரும் கடிதம் மட்டும் தவறாமல் கிடைத்தது. அந்த இலவச மூன்று இரவு இன்றுவரை வரவில்லை.

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. அரக்கம்பை பக்கத்து ஊரை விட்டு அதிகம் வெளியே போனதில்லை, கடலைப் பார்த்ததே இல்லை. செலவைப் பார்க்காமல் நல்ல ‘ஆல் இன்க்ளூசிவ்’ ரிசார்ட்டுக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (கோத்தகிரி)

பதில்: அந்தத் திட்டமே உங்களுக்குத் தேவையில்லை. அதன் விலையில் பெரும்பங்கு மதுவுக்கும் பஃபேக்கும் போகிறது. குடிக்காத நீங்களும், இரவில் கொஞ்சம் களியும் குழம்பும் போதும் என்று சொல்லக்கூடிய தாயாரும் சேர்ந்து அடுத்த மேசைக்காரர் குடிப்பதற்குப் பணம் கட்டுவீர்கள். காலை உணவு மட்டும் சேர்ந்த சி.பி. திட்டத்தில் அறை எடுங்கள். மூன்று வேளையும் வேண்டும் என்றால் ஏ.பி. திட்டம் கேளுங்கள். நீருக்கு மேலே தூண்களில் நிற்கும் குடில்கள் படத்தில் அழகாக இருக்கும். நேரில் ஏணிப்படியும் நீண்ட மரப்பாலமும்தான் முதலில் வரும். தரைத்தள அறையா, அறையிலிருந்து மணல்வரை எத்தனை படிகள், மணலில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு இவை தெரியாது. ரிசார்ட்டின் வரவேற்பு மேசையை அழைத்து, பணியில் இருப்பவரை ஒருமுறை நடந்துபோய்ப் படிகளை எண்ணிவந்து சொல்லச் சொல்லுங்கள்.