கோத்தகிரியிலிருந்து கிண்டிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த என் மகளுக்குச் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைக்கும்போல இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்பலாமா, கோவையிலேயே சேர்த்துவிடலாமா? அந்தக் கல்லூரியின் வரலாறு, விடுதி வாழ்க்கை எல்லாம் எப்படி?

அண்ணா, அனுப்புங்கள். 1999-ல் எங்கள் அப்பா இதே கேள்வியைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டார். "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரமா?" என்றுதான் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் ஒன்றும் சொல்லவில்லை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஒருவர் மட்டும், "சீட்டு கெடச்சா கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாப்பா, மத்தத அது பாத்துக்கும்" என்றார்.

நானும் கோத்தகிரி பக்கம்தான். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேரில் அவர்களும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்து மறுபடியும் கொழுந்து எடுத்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அரசு டேன்டீ என்ற தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நான் தமிழ் வழி, அரசுப் பள்ளி. உங்கள் மகள் நிலைமை எனக்குப் பழக்கமானதுதான்.

அப்போது நுழைவுத் தேர்வு உண்டு. ப்ளஸ் டூ மதிப்பெண் 200-க்கு, நுழைவுத் தேர்வு 100-க்கு, ஆக 300-க்குக் கட் ஆஃப். 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. கலந்தாய்வுக்கும் இப்போது போல வீட்டிலிருந்தே விருப்பப் பட்டியல் கொடுக்க முடியாது, அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினோம். காலையில் சென்ட்ரலில் இறங்கியபோதே வெயில் முகத்தில் அடித்தது. அப்பா ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. நாள் முழுவதும், கலந்தாய்வு நடந்த மண்டபத்திலும் வெளியே மரத்தடியிலும், வியர்த்து ஊற்ற ஊற்ற அதைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஏன் என்று ராத்திரி ரயிலில்தான் தெரிந்தது. உள்ளே போட்டிருந்த சட்டை தோளில் கிழிந்திருந்தது.

அந்தக் கலந்தாய்வில் எனக்குக் கிண்டி கிடைக்காமலே போயிருக்கும். கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், ஓர் அலுவலகத்தில், "உங்கப்பா பொறந்தது சிலோன். இங்க உங்க சாதிக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இருந்தது, அப்பாவின் பாஸ்போர்ட் இருந்தது. இரண்டும் போதாதாம். தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினாரோ அந்த ஊரிலிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். துறையூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்பா ஐந்து நாள் தோட்ட வேலைக்குப் போய்ப் பேர் போட முடியாமல், கூலி இல்லாமல் அலைந்து, கடைசியில் ஒரு வயதான அம்மா "அந்த வீட்டு ஆளுங்க தேயிலைக்குப் போனாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்று சொன்னதை வைத்துக் கையெழுத்து வாங்கி வந்தார். சான்றிதழ் கைக்கு வந்தது கலந்தாய்வுக்கு மூன்று நாள் முன்னால். அது இல்லையென்றால் பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும், கிண்டி கிடைத்திருக்காது. இன்றைக்கும் எங்கள் சனங்களின் பிள்ளைகள் இதற்காக அலைகிறார்கள். "சட்டப்படிதான் கேட்கிறார்கள்" என்று யாராவது சொல்லலாம். சட்டம் போட்டுத்தான் எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள், அப்போது யாரும் சாதிக்கு ஆதாரம் கேட்கவில்லை.

சரி, கல்லூரிக்கு வருகிறேன்.

முதல் செமஸ்டர் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது, கோத்தகிரியில் யார் வீட்டில் இருக்கிறது? விடுதியில் ஃபேன் சத்தத்தில் இரண்டு வாரம் தூக்கமே வரவில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் பாடம். கணக்கு எனக்கு நன்றாக வரும். ஆனால் "இன்டெக்ரேஷன்" என்று சொன்னபோது அது நான் போட்டுப் பழகிய தொகையிடல்தான் என்று புரிய ஒரு வாரம் ஆனது. டெரிவேட்டிவ் என்பது வகைக்கெழு, மேட்ரிக்ஸ் என்பது அணி. தெரிந்த கணக்கு முன்னால் நிற்கிறது, அதன் பெயர்தான் தெரியவில்லை. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு பெண்ணுக்கும் இதே நிலைமை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம் என்று எழுதிக்கொண்டே வந்தோம். இரண்டாவது செமஸ்டரில் அந்த நோட்டு தேவைப்படவில்லை.

இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் முதல் இன்டர்னலில் ஃபெயில். இணைகோடு வரைகிற கருவியான டிராஃப்டர் வாங்கப் பணம் இல்லாமல் ஸ்கேலை வைத்தே வரைந்தேன், இணைகோடு இணையாக வரவில்லை. ஃபைனல் இயர் அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் டிராஃப்டரைக் கொடுத்தார். அதன் உறைக்குள் அதற்கு முன் வைத்திருந்த மூன்று பேரின் பெயரும் வருடமும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. நான்காவதாக என் பெயரை எழுதினேன். படிப்பு முடிந்ததும் அதை ஜூனியர் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். விடுதி எப்படி என்று கேட்டீர்களே, எனக்கு விடுதி என்றால் அந்த உறைதான்.

வரலாற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் உருவானது 1978-ல்தான். கிண்டி கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து உருவாக்கினார்கள். ஆனால் கிண்டி கல்லூரியின் வேர் 1794-ல் இருக்கிறது. மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனையில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு சர்வே பள்ளி, எட்டு மாணவர்களோடு. நிலத்தை அளக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கட்டுப்படியாகாது, அதனால் இங்கேயே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது 1859-ல் பொறியியல் கல்லூரி ஆனது, 1920-ல் இப்போதிருக்கும் கிண்டி வளாகத்துக்கு வந்தது. அந்தச் சிவப்புக் கட்டடத்தை உங்கள் மகள் தினமும் பார்ப்பாள்.

நம் ஊரில் கண்ணேரிமுக்கில், கோவை கலெக்டராக இருந்த சல்லிவனின் பங்களாவைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், 1819-ல் அவர் மலையேறிய கதையைச் சொல்கிறார்கள். இந்த மலையைச் சங்கிலி பிடித்து அளந்தவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. அளக்கிறவர்களை உருவாக்கத் தொடங்கிய இடத்தில் படிக்கிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பெண் பிள்ளை என்று யோசிக்கிறீர்கள் என்றால் லலிதாவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் நான்கு மாதக் குழந்தை. அவருடைய அப்பா சுப்பா ராவ் இதே கிண்டியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். 1940-ல் மகளை அங்கேயே சேர்த்தார். அது வரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. சிவிலில் தெரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்று இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். பட்டச் சான்றிதழில் அச்சடித்திருந்த "அவன்" என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு "அவள்" என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். லலிதா நாட்டின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்களில் ஒருவர். தெரேசியா கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளர் வரை போனார். அந்தப் பேராசிரியரையும் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள்தானே?

என் வாழ்க்கையை மாற்றியது மூன்றாம் ஆண்டு சர்வே கேம்ப். பத்து நாள், ஒரு மலையடிவாரத்தில். அணிக்கு ஆறு பேர், கிடைமட்டமாகப் பார்க்கிற லெவல் கருவி, ஸ்டாஃப் என்கிற நான்கு மீட்டர் அளவுகோல், அளவுகளை எழுதிக்கொள்ள ஃபீல்டு புக். தெரிந்த உயரமுள்ள ஒரு புள்ளியில் தொடங்கி, சரிவில் ஏறி இறங்கிச் சுற்றிவிட்டு அதே புள்ளிக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வரும்போது கணக்கில் எவ்வளவு வித்தியாசமோ அதுதான் குளோசிங் எரர். சமவெளியில் இது சுலபம். சரிவில் கருவியை எங்கே நிறுத்தினாலும் ஒரு பக்கம் பார்வை ஸ்டாஃபின் தலைக்கு மேலே போய்விடும், மறுபக்கம் மண்ணில் முட்டும். மற்ற அணிகள் கருவியைத் தூக்கித் தூக்கி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அது கண்ணிலேயே தெரிந்தது. நாம் கொழுந்து நிரையில் நடந்து வளர்ந்தவர்கள். முதுகில் மூட்டையோடு அம்மா ஏறவும் மாட்டார், இறங்கவும் மாட்டார், நிரையோடு மலையைச் சுற்றியே நடப்பார். ஏறாமல் இறங்காமல் நடக்கிற அந்தத் தடம்தான் கான்டூர் கோடு. வகுப்பில் அதைப் பலகையில் வரைந்தபோதே எனக்குத் தோட்டம்தான் தெரிந்தது. "இங்கே நிறுத்து, இரண்டு பக்கமும் ஸ்டாஃப் தெரியும்" என்று நான் காட்டிய இடங்களில் ஒன்றிரண்டுதான் தவறின. மூன்று கிலோமீட்டர் போல சுற்றி வந்து, எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூடினோம். பேராசிரியர் ஃபீல்டு புக்கை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "யார் ஸ்டேஷன் எடுத்தது?" என்று கேட்டார். இரண்டரை வருடம் வகுப்பில் வாய் திறக்காத என்னை அணியில் எல்லோரும் கை காட்டினார்கள்.

கிண்டியில்தான் எல்லாம் இருக்கிறது, மற்றக் கல்லூரி எல்லாம் வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தம்பி கோவையில் படித்தவன், நல்ல வேலையில் இருக்கிறான். படித்த கல்லூரி என்பதால் தூக்கிப் பிடிக்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அங்கேயும் சுமாராகப் பாடம் எடுப்பவர்கள் உண்டு, அரியரோடு திணறுகிறவர்கள் உண்டு. ஆனால் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒரே மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது. 2002-ல் ஜனாதிபதி வேட்பாளர் என்று பிரதமர் அழைத்தபோது கலாம் ஐயா அந்த வளாகத்தில்தான் பேராசிரியராகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் வகுப்புக்கு, சேராத மாணவர்களும் போய் நின்றோம். நான் வெளியே வந்த பிறகு 2004-ல் வளாகத்திலேயே ஒரு சமுதாய வானொலி வந்தது. 2009 ஏப்ரலில் பல்கலைக்கழகம் செய்த அனுசாட் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது.

அதே 2009 நவம்பரில் நம் மலையில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், மறந்திருக்க மாட்டீர்கள். நான் அப்போது சாலை வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்க்காமல் சரிவை நேராக வெட்டினால் என்ன ஆகும் என்று கொழுந்து எடுக்கும் எந்தப் பாட்டியும் சொல்வார். அதை வரைபடத்தில் போட்டுக்காட்ட நம் பிள்ளைகள் வேண்டும் அண்ணா. உங்கள் மகள் சிவில் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 2021-லிருந்து 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2010-ல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியிலும் தொடங்கினார்கள், பட்டியலில் அது தனிப் பிரிவாக வரும், பார்த்துக் கொடுங்கள். என்னைக் கேட்டால் ஆங்கில வழியையே எடுக்கச் சொல்வேன், முதல் ஆறு மாதத்துக்கு அந்த இரண்டு பக்க நோட்டு போதும். தமிழ் வழி எடுத்து நன்றாக வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது என் அனுபவம் மட்டும்தான்.

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் இந்த வாரமே தயார் செய்துவிடுங்கள், ஐந்தைந்து நகல் எடுத்து வையுங்கள். டிராஃப்டர் வாங்க வேண்டாம், சேர்ந்த பிறகு சீனியர் அக்காக்களிடம் கேட்கச் சொல்லுங்கள். பருத்தித் துணிகளாக எடுங்கள். விடுதி அலமாரிக்கு ஒரு நல்ல பூட்டு, இரண்டு சாவி உள்ளதாக வாங்கி, ஒரு சாவியை ரூம்மேட்டிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். கொண்டுபோய் விடும் அன்று நீங்களும் மெல்லிய சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.