மகனின் கார்டு பாக்கியை நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வேலைக்குப் போகிறான், எங்களோடுதான் இருக்கிறான். சம்பளம் வந்த மூன்றாவது வாரத்திலேயே கை காலியாகிவிடுகிறது. கிரெடிட் கார்டு கெடு தேதிக்கு முந்தைய நாள் என்னிடம் வந்து நிற்பான். நன்றாகத் திட்டிவிட்டு நானே கட்டிவிடுவேன். அதனால் என் கார்டில் குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்ட முடிகிறது. இப்போது எல்லாப் பாக்கியையும் ஒரே தனிநபர் கடனாக மாற்ற ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் தவணை தவறினால் கடன் உங்கள் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். வட்டி குறையும் என்று ஆசைகாட்டும் இந்த ஒருங்கிணைப்புக் கடன்கள்மீது எனக்கு நம்பிக்கை குறைவு. பாக்கி தீர்ந்த பழைய கார்டு மறுபடியும் முழு வரம்போடு கையில் இருக்கும். செலவுப் பழக்கம் மாறாதவர் சீக்கிரமே இரண்டு கடன்களோடு நிற்பார்.

உங்கள் வீட்டில் கேடு விளைவிப்பது, கெடு தேதிக்கு முன் நீங்கள் ஓடிப்போய்க் கட்டுவதுதான். குழந்தை தன் அறை ஜன்னலை உடைத்தால் உடனே கண்ணாடி மாற்றாதீர்கள், காற்றை அதுவே உணரட்டும் என்று 1762-இல் எழுதினார் தத்துவஞானி ரூசோ. உங்கள் மகன்மீது இதுவரை காற்றே பட்டதில்லை. தாமதக் கட்டணம், ஏறும் வட்டி, முடங்கும் கார்டு எதையும் அவர் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் உங்கள் கோபம் மட்டுமே. அரை மணி நேரம் தலைகுனிந்து நின்றால் பாக்கி தீர்ந்துவிடும் என்றால், அதைவிட மலிவான கடன் அவருக்கு எங்கே கிடைக்கும்? திட்டு விளைவு ஆகாது. நீங்கள் திட்டுவதால்தான் அவருக்கு மனம் உறுத்தாமல் போகிறது.

உங்கள் கணக்கையும் பார்ப்போம். சம்பளம் 100 என்று வையுங்கள். மகனுக்கு மாதம் 12 போகிறது, உங்கள் கார்டில் 60 பாக்கி என்று கொள்வோம். மாத வட்டி 3 சதவீதம் என்றால் 1.80. குறைந்தபட்சமாக 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 3 கட்டுகிறீர்கள். அசலில் குறைவது 1.20-தான். பாக்கி குறையக் குறைய நீங்கள் கட்டும் தொகையும் குறைந்துகொண்டே போவதால், புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும் பாக்கி பாதியாவதற்கே இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். மகனுக்குப் போகும் 12-ஐயும் சேர்த்து மாதம் 15 கட்டினால் ஐந்தாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும்.

குறைந்தபட்சத் தொகை உங்களுக்குச் செய்வதைத்தான் நீங்கள் மகனுக்குச் செய்கிறீர்கள். இரண்டுமே வலியைத் தள்ளிப்போடுகின்றன. ஆகவே சம்பளம் வந்த மறுநாளே 15 தானாகக் கார்டுக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். பொருள் வாங்கும் செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். 'இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்' என்று அழைக்கும் வசதிகள் பக்கம் இரண்டு பேருமே போக வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்றாலும், பணம் கையைவிட்டுப் போவதை உணரவிடாமல் செய்வதுதான் அவற்றின் வியாபாரம்.

மகனிடம் கெடு தேதியன்று பேசாதீர்கள். ஒரு மாதம் முன்னதாக, கோபம் இல்லாத நேரத்தில், "அடுத்த மாதம் முதல் உன் கார்டுக்கு நான் கட்டமாட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். பிறகு நினைவூட்ட வேண்டாம். கெடு தவறினால் "நான்தான் அப்போதே சொன்னேனே" என்றும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் அவருடைய கோபம் கடனைவிட்டு உங்கள்மேல் திரும்பிவிடும். வட்டிக் கணக்கைப் புரிந்துகொள்ள உதவி கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், பணம் மட்டும் வேண்டாம்.

அவரால் தாங்கக்கூடிய விளைவுக்குத்தான் இந்த வழி. மருத்துவச் செலவு வந்தாலோ, கடன் கொடுத்தவர்கள் மிரட்டும் நிலை வந்தாலோ பெற்றோர் ஒதுங்கி நிற்கக் கூடாது. கார்டில் ஒரு மாதத் தவணை தவறினால் அவருடைய கடன் வரலாற்றில் கறை படியும், ஆனால் 24 வயதில் அதைச் சரிசெய்யக் காலம் இருக்கிறது. 40 வயதில், குழந்தைகளோடு, அவர் இந்தப் பாடத்தைப் படிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

மகனிடம் பேசுவதற்கு முன் உங்கள் மனைவியிடம் பேசுங்கள். நீங்கள் நிறுத்திய மாதமே அவர் தன் சேமிப்பிலிருந்து ரகசியமாகக் கொடுத்துவிட்டால் எதுவும் மாறாது. ஜாமீனுக்கு 'முடியாது' என்ற பதிலையும் இரண்டு பேரும் சேர்ந்தே சொல்லுங்கள்.